விண்ணப்பத்திலேயே "நிதி உதவி வேண்டும்" என்று போட்டால் அமெரிக்கக் கல்லூரியில் இடம் கிடைக்காதா?

ராஜபாளையம்_அக்கா | ஆகஸ்ட் 9, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். தம்பி இங்கே அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறான். கணக்கு என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. அமெரிக்காவில் இளங்கலை படிக்க வேண்டும் என்று ஒரு வருடமாக ஒரே நினைப்பு. அப்பா நூற்பாலையில் ஃபிட்டர், மாதம் 26,000 ரூபாய். நான் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன், 14,000. அம்மாவிடம் 9 பவுன். வீடு தாத்தா பெயரில், கூட்டுப் பட்டா.

போன வாரம் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். "நிதி உதவி தேவையா என்று கேட்பார்கள், இல்லை என்று போடுங்கள். கேட்டாலே தள்ளிவிடுவார்கள். சீட் கையில் வந்த பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்" என்றார்கள். அவர்கள் கட்டணம் 85,000 ரூபாய். அப்பா பி.எஃப்.பில் கடன் போடலாமா என்று யோசிக்கிறார். படிவம் எழுதிக் கொடுத்துவிட்டார், ஆபீசில் இன்னும் கொடுக்கவில்லை. அதற்குள் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர்கள் சொல்வது உண்மையா?

---

பனிக்காலம் | ஆகஸ்ட் 9, இரவு 11:25

அக்கா, முதலில் அந்த பி.எஃப். படிவத்தை நிறுத்திவையுங்கள்.

எங்கள் அப்பாவுக்குத் திண்டுக்கல் பக்கம் டீக்கடை. நான் அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியில் நான்கு வருடம் படித்து முடித்தேன். நாங்கள் கட்டியது பெரும்பாலும் விமான டிக்கெட்டுக்குத்தான். எந்தக் கன்சல்டன்சிக்கும் போகவில்லை.

அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்து. பல கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால் அது முடிவைப் பாதிக்கும், அது நிஜம். ஆனால் "பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம்" என்பது பெரும்பாலான இடங்களில் நடக்காது. சேரும்போது கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு வருடமும் கேட்க முடியாது என்று பல கல்லூரிகள் தங்கள் தளத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. உங்கள் வீட்டு வருமானத்துக்கு உதவி இல்லாத சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு வருடச் செலவு 80,000, 90,000 டாலர் வரும்.

---

தறிச்சத்தம் | ஆகஸ்ட் 10, காலை 6:15

பனிக்காலம் சொன்னது எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது, அதனால் எழுதுகிறேன். நாங்கள் குமாரபாளையம். ஆறு தறி வைத்திருக்கிறோம். பெரிய மகள் விண்ணப்பித்தபோது எங்களுக்கும் இதே யோசனையைத்தான் ஒருவர் சொன்னார். "இல்லை" என்று போட்டோம்.

மார்ச் கடைசியில் விடியற்காலை மூன்றரை மணிக்கு அவளுக்கு மெயில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. தறியை நிறுத்திவிட்டு எல்லோரும் அந்த ஃபோனைச் சுற்றி நின்றோம். மாமனார் தெருவுக்கே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். நான்கு நாள் கழித்து, எங்களால் இவ்வளவுதான் முடியும், உதவி செய்யுங்கள் என்று எழுதினோம். மிக மரியாதையாகப் பதில் வந்தது. விண்ணப்பத்தின்போது கேட்காதவர்களுக்குப் பிறகு உதவி தர விதியில் இடமில்லை, வருந்துகிறோம் என்று. ஏப்ரல் முழுக்க பேங்க் பேங்காக ஏறி இறங்கினோம். வீட்டை அடமானம் வைத்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது. மே 1 கெடு போய்விட்டது. மகள் அந்த மெயிலை அழிக்காமல் இன்னும் வைத்திருக்கிறாள்.

இப்போது சின்னவன் போன வருடம் உண்மையைச் சொல்லி, உதவி கேட்டு விண்ணப்பித்துப் போயிருக்கிறான். அந்த விவரமெல்லாம் பிறகு எழுதுகிறேன், பாவு ஏற்ற வேண்டும்.

---

ராஜபாளையம்_அக்கா | ஆகஸ்ட் 10, காலை 8:02

படித்துவிட்டு அப்பாவிடம் காட்டினேன். எதுவும் பேசாமல் அந்தப் படிவத்தை எடுத்து பீரோவில் வைத்துவிட்டார்.

கேட்டாலும் பாதிக்காத கல்லூரி என்று ஏதாவது இருக்கிறதா? பெயர் சொன்னால் தம்பி உட்கார்ந்து தேடுவான்.

---

பனிக்காலம் | ஆகஸ்ட் 10, இரவு 9:50

இருக்கிறது. இதற்கு "நீட் பிளைண்ட்" என்று பெயர். மருத்துவத் தேர்வு நீட் இல்லை அக்கா, இங்கே நீட் என்றால் தேவை. பணத் தேவையைப் பார்க்காமல் மாணவரை மட்டும் பார்த்து முடிவெடுப்பார்கள். எடுத்துவிட்டால் குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் கல்லூரியே ஏற்கும். இரண்டும் சேர்ந்து வெளிநாட்டு மாணவருக்கும் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை பல காலமாக இப்படி. டார்ட்மத், போடன் இரண்டும் 2022இல் சேர்ந்தன. அதற்குப் பிறகு பிரவுன், நோட்டர் டேம், வாஷிங்டன் அண்ட் லீ.

ஆனால் இதை மட்டும் நம்பிப் பட்டியல் போடக் கூடாது. எம்.ஐ.டி.யில் விண்ணப்பிக்கும் வெளிநாட்டு மாணவர் 100 பேரில் சுமார் 2 பேருக்குத்தான் இடம். பணத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதாலேயே உலகம் முழுக்க அங்கே குவிகிறது.

அடுத்த வகை "நீட் அவேர்". உதவி கேட்டிருப்பதைப் பார்ப்பார்கள், வெளிநாட்டு மாணவருக்கென்று ஒதுக்கிய தொகைக்குள்தான் எடுப்பார்கள். ஆனால் எடுத்துவிட்டால் முழுத் தேவையையும் தருவார்கள். மக்காலெஸ்டர், வாசர், ஸ்வார்த்மோர், வெஸ்லியன், டியூக் எல்லாம் இதில் வரும். நான் போனதும் இந்த வகைதான். நம் ஊரில் யாரும் கேள்விப்படாத பெயராக இருக்கும், மொத்தமே 2,000 மாணவர்தான் இருப்பார்கள், ஆனால் மாணவர் எண்ணிக்கைக்குக் கையில் உள்ள நிதி மிக அதிகம். தம்பி தேட வேண்டியது இங்கேதான்.

கென்டக்கியில் பெரியா என்று ஒரு கல்லூரி இருக்கிறது. அங்கே யாருக்குமே படிப்புக் கட்டணம் கிடையாது. எல்லா மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியிலேயே வேலை பார்க்க வேண்டும். வருடத்துக்குக் கொஞ்சம் வெளிநாட்டு மாணவரைத்தான் எடுப்பார்கள், கடைசித் தேதியையும் சீக்கிரமே பார்த்துவிடுங்கள்.

பெர்க்லி, யூ.சி.எல்.ஏ. மாதிரி அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு இளங்கலை மாணவருக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி கிடையாது. பெயருக்காக அதற்கு 95 டாலர் விண்ணப்பக் கட்டணம் கட்ட வேண்டாம். அப்புறம், யாராவது "ஹார்வர்ட் மெரிட் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டனில் மார்க்குக்கு ஸ்காலர்ஷிப் என்பதே இல்லை, தேவைக்கு மட்டும்தான்.

---

யாழ்_மாணவன் | ஆகஸ்ட் 11, பிற்பகல் 2:18

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், ஏ.எல். (உங்கள் பிளஸ் டூ மாதிரி) முடித்துவிட்டுப் போன வருடம் விண்ணப்பித்தேன். விண்ணப்பிப்பதற்கே காசு இல்லாத நிலையில் இருந்தேன், அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஒரு கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம் 80 டாலர் அளவில் வரும். பத்துக் கல்லூரி என்றால் 800 டாலர். எங்கள் வீட்டில் அது பல மாதச் சாப்பாட்டுச் செலவு. ஆனால் பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் கட்டண விலக்கு கேட்கும் இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டு மாணவருக்கு அதை ஏற்பதா என்பது அந்தந்தக் கல்லூரியின் முடிவு. அதனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனியாக மெயில் எழுதினேன். ஐந்தே வரி. நான் யார், அப்பா என்ன வேலை, மாத வருமானம் எவ்வளவு, கட்டணம் கட்ட முடியவில்லை, விலக்கு தர முடியுமா. பதினொரு இடத்துக்கு எழுதினேன், ஒன்பது இடம் சம்மதித்தது. கட்டணமே இல்லாத கல்லூரிகளும் உண்டு.

நிதி உதவிக்கென்று சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்று தனிப் படிவம். காலேஜ் போர்டு நடத்துகிறது, அக்டோபர் 1 அன்று திறக்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 16. எட்டு இடம் என்றால் 137 டாலர். இதற்கும் சில கல்லூரிகள் கட்டண விலக்குக் குறியீடு தரும், கேட்க வேண்டும். சில கல்லூரிகள் அதற்குப் பதிலாக ஐ.எஸ்.எஃப்.ஏ.ஏ. என்ற இலவசப் படிவத்தை ஏற்கும். ஃபாஃப்சா என்று இணையம் முழுக்கப் போட்டிருப்பது அமெரிக்கக் குடிமக்களுக்கான அரசு உதவி, நமக்கில்லை. நான் அதை நிரப்பப் போய் இரண்டு நாளை வீணாக்கினேன்.

ஆலோசனைக்குக் கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவுக்குப் போனேன், இலவசம். உங்களுக்குச் சென்னையில் யு.எஸ்.ஐ.இ.எஃப். என்ற அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை இருக்கிறது. அமெரிக்க அரசின் மாணவர் ஆலோசனைச் சேவையான எஜுகேஷன் யு.எஸ்.ஏ. ஆலோசகரை அங்கே கேளுங்கள். அவர்கள் யாருக்கும் கமிஷனுக்கு வேலை செய்பவர்கள் இல்லை.

---

தறிச்சத்தம் | ஆகஸ்ட் 11, இரவு 8:40

சின்னவனுக்கு சி.எஸ்.எஸ். நிரப்பியது நானும் அவனும்தான். அதனால் இதை விவரமாகச் சொல்கிறேன், மற்றதைவிட இதில்தான் பிழை நடக்கும்.

முதலில், ரூபாயிலேயே நிரப்பலாம். டாலராக மாற்றி எழுத வேண்டாம். எங்கள் தவறு என்னவென்றால், ஆண்டு வருமானம் 4,10,000 என்று எழுதுகிற இடத்தில் ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் கமா அமெரிக்கப் பாணியில் விழும், 410,000 என்று. நம் கண் லட்சக் கமாவுக்குப் பழகியது. நடு இரவில் இரண்டு பேரும் பார்த்துச் சரி என்று அனுப்பிவிட்டோம். மூன்று வாரம் கழித்து ஒரு கல்லூரி, "உங்கள் வருமானச் சான்றிதழும் படிவமும் பொருந்தவில்லை" என்று எழுதியபோதுதான் கண்டுபிடித்தோம். உடனே எல்லாக் கல்லூரிக்கும் தனித்தனியாகத் திருத்தம் எழுதினோம். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு எண்ணையும் ஒருவர் வாயால் சொல்ல, இன்னொருவர் பத்திரத்தைப் பார்த்துச் சரிபாருங்கள்.

உங்கள் அப்பாவுக்கு ஆலையில் படிவம் 16 (சம்பளத்துக்கான வரிச் சான்று) தருகிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் சம்பளச் சான்றிதழ் போதும். ஆலையின் லெட்டர்ஹெட்டில், மாதச் சம்பளம், வருடத்துக்கு மொத்தம், போனஸ் தனியாக, கீழே கையெழுத்தும் முத்திரையும். எங்களுக்கு வியாபாரம் என்பதால் வருமான வரிக் கணக்கும் இ-சேவையில் வாங்கிய தாசில்தார் வருமானச் சான்றும் கொடுத்தோம். தமிழில் இருக்கும் காகிதத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து வைக்க வேண்டும்.

வீடு விஷயம். கூட்டுப் பட்டா என்றால் முழு வீட்டு மதிப்பையும் உங்கள் அப்பா சொத்தாகக் காட்டிவிடாதீர்கள். எங்களுக்கும் அப்படித்தான், மாமனார் பெயரில், நான்கு பங்கு. எங்கள் பங்கை மட்டும் எழுதினோம். "சிறப்புச் சூழ்நிலை" என்று கடைசியில் விளக்கம் எழுத ஓர் இடம் இருக்கும். அதில் நிலம் யார் பெயரில், எத்தனை பேருக்குப் பங்கு, நாங்கள் குடியிருக்கிறோம், விற்க முடியாது என்று எழுதினோம். பாட்டிக்கு டயாலிசிஸ் செலவு மாதம் எவ்வளவு என்பதையும் அங்கேதான் எழுதினோம். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், நம் வீட்டுக் கதையைச் சொல்ல அந்தப் படிவத்தில் வேறு இடம் இல்லை.

எதையும் மறைக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டு நகையை எழுதுவதா என்று என் கணவர் தயங்கினார். கேட்டால் எழுதிவிடலாம் என்றேன். உங்கள் அம்மாவின் 9 பவுனைப் பார்த்து யாரும் உங்களைப் பணக்காரர் என்று நினைக்கப்போவதில்லை.

---

சிறுசேரி_வாசி | ஆகஸ்ட் 12, காலை 7:30

குறுக்கே வருகிறேன், தவறாக நினைக்க வேண்டாம். கணக்கில் இவ்வளவு ஆர்வமுள்ள பையனுக்கு நம் நாட்டிலேயே சென்னைக் கணிதக் கழகமும் பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனமான ஐ.எஸ்.ஐ.யும் இருக்கின்றன. ஐ.எஸ்.ஐ.யில் மாணவருக்கு மாத உதவித்தொகையே உண்டு. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு மே மாதம். அமெரிக்கா கிடைத்தால் போகட்டும், ஆனால் இதையும் எழுதச் சொல்லுங்கள். நான் சந்தித்த எத்தனையோ பேர் இங்கே இளங்கலை முடித்துவிட்டு நேராக அங்கே பிஎச்.டி.க்குப் போனவர்கள். பிஎச்.டி.க்குக் கட்டணமும் கிடையாது, பாடம் எடுப்பதற்கோ ஆராய்ச்சிக்கோ மாதச் சம்பளமும் வரும்.

எம்.எஸ். என்ற முதுகலையின் கதை வேறு. அது பெரும்பாலும் கைக்காசு அல்லது கடன். தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவருக்கு வெளிநாட்டு உயர்கல்விக்குத் தருகிற உதவியும், மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும்தான், இளங்கலைக்கு இல்லை.

---

பனிக்காலம் | ஆகஸ்ட் 12, இரவு 10:15

சிறுசேரி_வாசி சொன்னதை நானும் சொல்கிறேன். மார்ச் கடைசியில் எல்லா இடத்திலும் "இல்லை" என்று வந்தால், மே மாதத் தேர்வு கையில் இருக்க வேண்டும். என் வகுப்புத் தோழன் ஒருவன் அது இல்லாமல் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்தான்.

இடம் கிடைத்தால் கூடவே வரும் உதவிக் கடிதத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன். என்னுடையதையே சொல்கிறேன். மொத்த ஆண்டுச் செலவு 71,300 டாலர். அதில் கிராண்ட், அதாவது திருப்பித் தர வேண்டாத தொகை, 66,900. வளாக வேலை 2,600. குடும்பப் பங்கு 1,800. இந்த நான்கு வரியில் முதலில் கிராண்டைத் தேடுங்கள். "உதவி" என்ற தலைப்புக்குக் கீழேயே சில கல்லூரிகள் கடனையும் சேர்த்து எழுதிவிடும், கூட்டுத்தொகையைப் பார்த்து ஏமாறக் கூடாது.

வளாக வேலை என்பது முன்கூட்டியே கையில் வருகிற பணம் இல்லை. நாம் வேலை பார்த்தால்தான் வரும். நான் நூலகத்தில் புத்தகம் அடுக்கினேன், காலை 7 மணி ஷிஃப்ட். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மருத்துவக் காப்பீடும் விமான டிக்கெட்டும் அந்தச் செலவுக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். என் கல்லூரியில் டிக்கெட் சேரவில்லை. விசா கட்டணம் 185 டாலர், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், இவையும் நம் கையிலிருந்துதான்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று வரி. படிப்புக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் தரும் கிராண்டுக்கு வரி இல்லை. தங்கும் இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தரும் பகுதிக்கு வெளிநாட்டு மாணவரிடம் 14 சதவீதம் பிடிப்பார்கள். முதல் செமஸ்டரில் என் கணக்கில் திடீரென்று 900 டாலர் பாக்கி காட்டியது. எதற்கென்றே தெரியாமல் இரவெல்லாம் தூங்கவில்லை. இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தில் இந்திய மாணவருக்கு நிலையான கழிவு (வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி இல்லை) உண்டு என்று ஒரு சீனியர் அண்ணன்தான் சொன்னார். அடுத்த வசந்தத்தில் வரிக் கணக்கு தாக்கல் செய்தேன், பிடித்த பணம் திரும்பி வந்தது. தம்பி போனால் முதல் வாரமே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இதைக் கேட்கட்டும்.

---

ராஜபாளையம்_அக்கா | ஆகஸ்ட் 13, இரவு 9:05

நேற்று இரவு நான்கு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அப்பா ஆலைப் பாஸ்புக்கை எடுத்துவந்தார், அம்மா சீட்டுப் பணம் முடியும் மாதத்தைச் சொன்னாள். என் சம்பளத்தில் மாதம் 3,000 தருகிறேன் என்றேன். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 ரூபாய் எங்களால் முடியும். சுமார் 1,000 டாலர். இதை எழுத அப்பாவுக்குக் கூச்சம். "இவ்வளவுதான் முடியும் என்று வெள்ளைக்காரனிடம் எழுதுவதா" என்று இரண்டு முறை கேட்டார். தறிச்சத்தம் அம்மா எழுதியதை மறுபடி படித்துக் காட்டினேன். சரி, எழுது என்றார்.

இன்னும் ஒரு சந்தேகம். எங்கள் பள்ளியில் கவுன்சிலர் என்று யாரும் இல்லை. விண்ணப்பத்தில் கவுன்சிலர் மெயில் கேட்கிறது. தலைமையாசிரியர் நல்லவர், ஆனால் இதெல்லாம் அவருக்குப் புதிது.

---

தறிச்சத்தம் | ஆகஸ்ட் 13, இரவு 9:48

அம்மாடி, 1,000 டாலர் என்று தைரியமாக எழுதுங்கள். எங்கள் எண்ணும் ஏறக்குறைய அதுதான்.

கவுன்சிலர் இடத்தில் தலைமையாசிரியர் பெயரையே கொடுக்கலாம், சின்னவனுக்கு அப்படித்தான் செய்தோம். பள்ளியின் அலுவல் மெயிலைக் கொடுங்கள், இவன் மெயிலையோ உங்கள் மெயிலையோ கொடுக்கக் கூடாது. அவர் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுத வேண்டியிருக்கும். பையன் எப்படிப்பட்டவன், பள்ளி எப்படிப்பட்டது, எத்தனை பேர் படிக்கிறார்கள், அவன் எந்த இடத்தில் இருக்கிறான் என்று. 9, 10, 11 மதிப்பெண்ணைப் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பள்ளி முத்திரையோடு இப்போதே கேட்டு வாங்குங்கள். காலாண்டுத் தேர்வு தொடங்கிவிட்டால் அவருக்கு நேரம் இருக்காது. கணக்கு வாத்தியாரிடமும் ஒரு கடிதம் வேண்டும்.

திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். தம்பியை மட்டும் அனுப்ப வேண்டாம்.

---

ராஜபாளையம்_அக்கா | ஆகஸ்ட் 13, இரவு 10:02

திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டேன் அம்மா. அப்பாவும் வருகிறாராம்.